மூன்றாவது சுற்று

பயிற்சியாளர் ஆகுஸ்தா பாவ்லொவ்னா எடைக்கருவியின் முள்ளைப் பார்த்தாள். பிறகு ரிம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து ஏற வேண்டியவர்கள் அவர்கள்.

"நாப்பத்திநாலரை. நேத்து நாப்பத்திநாலு."

"நேத்து தண்ணி குடிக்கல, ஆகுஸ்தா பாவ்லொவ்னா."

"இன்னிக்கு மட்டும் எதுக்குக் குடிச்சே? யார் வீட்டுக் கல்யாணம்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். ரிம்மா இறங்கிக் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருடமாகப் பனிச்சறுக்கு நடனத்தில் நாட்டின் முதல் ஜோடி அவளும் ரொதியோனும்தான். பெர்ம் நகரத்தில் எந்த ரொட்டிக் கடையிலும் அவளை வரிசையில் நிற்க விடமாட்டார்கள். "நம்ம சாம்பியன், முன்னால போம்மா" என்று தள்ளிவிடுவார்கள். வாங்கிய ரொட்டி அவள் வாய்க்குப் போகாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளுடைய அம்மா ஃபாயினா ரொட்டியைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்துத் தனக்கு வேண்டியதைத் தினமும் அங்கே போய்த் தின்றுவிட்டு வருவாள். அப்படிக் காத்தும் போன குளிர்காலத்தில் ரிம்மா நாலு விரற்கடை வளர்ந்துவிட்டாள். வளர வேண்டிய வயதிலெல்லாம் பட்டினி கிடந்த உடம்பு, வளரக்கூடாத நேரத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

"சறுக்குக் காலணியைக் கட்ட வேண்டாம்," என்றாள் ஆகுஸ்தா பாவ்லொவ்னா. "தளத்துக்குப் போய் ஓரமா நின்னு பாரு."

ரிம்மா போய்ப் பார்த்தாள். பனித்தளத்தின் நடுவில் ரொதியோன் ஒரு சிறுமியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். லீஸ்வா ஊரிலிருந்து ஒரு மாதம் முன்பு வந்து சேர்ந்த இங்கா. பதினைந்து வயது, முப்பத்தைந்து கிலோ, முன்பல்லில் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும். ரொதியோன் அவளைக் கீழே இறக்கிவிட்டுக் கையை உதறிச் சிரித்தான்.

"காத்தைத் தூக்குற மாதிரி இருக்குடீ!"

அப்புறம்தான் தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ரிம்மாவைக் கண்டான். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நின்றது.

"ரிம்மா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"இந்த வாரம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ரோத்யா."

அவன் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஏழு வருடம் அவளை உலகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்த கை.

அன்றைக்கு மதியம் பயிற்சியாளர் தன் அறையில் அவளுக்கு விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்குப் போவதென்றால் போகலாம். இல்லை, ஒரு மாதம் கூட இருந்து இங்காவுக்கு எல்லாத் தூக்கல்களையும் வீச்சுகளையும் சொல்லிக் கொடுக்கலாம். டிசம்பரில் நகரத்தில் நடக்கிற போட்டியில் புது ஜோடி இறங்க வேண்டும்.

"அதுக்கப்புறம் நான்?"

"அதுக்கப்புறம் உனக்கு யாராவது கிடைக்கிறானான்னு பாக்கலாம். குதிரை மாதிரி ஒருத்தன் வேணும்."

வீட்டில் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் முழு ரொட்டியை எடுத்து வந்தாள். ஒரு விரல் தடிமனுக்கு வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை தூவி, ரிம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

"தின்னு."

"அம்மா…"

"தின்னுடீ ரிம்கா. இனிமே உன்னை எவன் தூக்கப் போறான்? அஞ்சு வயசுல விடியறதுக்கு முன்ன டிராம்ல உன்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனேனே, நான்தான் வடிகட்டின முட்டாள். தின்னு, பாக்குறேன்."

ரிம்மா தின்றாள். அம்மா எதிரே உட்கார்ந்து அவள் கடைசித் துணுக்கை விழுங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரிம்மா கழிவறைக்குப் போய்த் தொண்டையில் விரலை விட்டு அத்தனையையும் வெளியே எடுத்தாள். திங்கட்கிழமை காலை முதல் ஆளாகத் தளத்துக்குப் போய் நின்றாள்.

இங்காவைச் சுலபத்தில் வெறுக்க முடியவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். முதல் நாளே "வணக்கம், ரிம்மா யெஃபிமொவ்னா" என்று அப்பா பெயரோடு சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டாள். பத்தொன்பது வயதில் ரிம்மாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"என்னைச் சும்மா ரிம்மான்னு கூப்பிடு."

"ஐயோ, எங்கம்மா காதுல விழுந்தா தோலை உரிச்சிடுவாங்க. சாம்பியனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவியாடீன்னு."

"உங்கம்மா இங்கயா இருக்காங்க?"

"லீஸ்வாலதான். ஆனா அவங்க காது இங்க வரைக்கும் வரும்."

விழுந்தால் அழமாட்டாள். ரொதியோன் தூக்கி எறிகிற வீச்சில் பத்தடி தள்ளிப் போய் இடுப்பில் விழுந்து, எழுந்து, "இன்னொரு தடவை" என்பாள். ஒரு முறை சொன்னால் போதும், மறுநாள் சரியாகச் செய்வாள். ரிம்மாவுக்கு இரண்டு வருடம் பிடித்தது இங்காவுக்கு இரண்டு வாரத்தில் வந்தது. ஆகுஸ்தா பாவ்லொவ்னா யாரையும் பாராட்டாதவள். அவள்கூட ஒரு நாள் தடுப்புச்சுவரில் சாய்ந்தபடி, "இதுக்குப் பேருதான் காலு" என்றாள். ரிம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் சொன்னதா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை ரிம்மா சொல்லிக் கொடுக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு ரொதியோனின் இடது மணிக்கட்டு முறிந்தது. தேசிய அணிக்குத் தேர்வு பதினைந்து நாளில். ஆகுஸ்தா பாவ்லொவ்னா தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் ரகசியமாகக் கூட்டிப் போனாள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் அவர். பத்தாம் நாள் கட்டைப் பிரித்துவிட்டு அவன் தளத்தில் நின்றான். வலி போய்விட்டது, எலும்பு கூடிவிட்டது என்று அவன் நம்பினான். ரிம்மாவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும், ஏனென்றால் அந்தக் கையின் மேல் இருந்தவள் அவள். பெரிய தூக்கலில் அவன் மூன்றாவது சுற்றுக்கு வலது கையை எடுத்துவிட்டு இடது கையால் மட்டும் அவளை ஏந்துவான். அந்த நேரத்தில் மணிக்கட்டு நனைந்த கயிறுபோல் தளரும். ஒரு கண்சிமிட்டல் அளவுதான். அந்தக் கண்சிமிட்டலுக்குள் ரிம்மா இடுப்பை அவன் தோள் பக்கம் சாய்த்து, உள்ளங்கையை அவன் உள்ளங்கையில் ஊன்றி, தன் பாரத்தை மணிக்கட்டிலிருந்து தோளுக்கு மாற்றிவிடுவாள். முதல் தடவை பயத்தில் செய்தாள். பிறகு பழகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது ஒரு நளினமாகத் தெரிந்தது. பத்திரிகைகள் அதைப் புகழ்ந்தன. அவன் தூக்கினான் என்று அவன் நினைத்துக்கொண்டான். மூன்று வருடப் பதக்கமும் அந்தச் சாய்வில்தான் நின்றது. அவனிடம் அவள் சொன்னதில்லை. சொன்னால் ஆணின் கை இன்னும் தளரும் என்று அவளுக்குத் தோன்றியது.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, உடை மாற்றும் அறையில் காலணியைத் துடைத்துக்கொண்டே இங்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? திட்டக் கூடாது."

"கேளு."

"மூணாவது சுத்துல அவர் கை ஒரு மாதிரி… நடுங்குது. எனக்கு மட்டும்தானா? உங்களுக்கும் அப்படி இருந்துச்சா?"

ரிம்மா முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இங்காவின் முகம் தெரிந்தது. உடைந்த பல், குளிரில் சிவந்த மூக்கு, பதிலுக்காகக் கொஞ்சம் திறந்திருந்த வாய். வேண்டிய பதில் ஒரே வாக்கியம். இடுப்பை அவன் தோள் பக்கம் சாய். இந்தப் பெண்ணுக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

"இல்லையே," என்றாள் ரிம்மா. "என்னை அவன் ஒருதடவைகூடக் கீழ விட்டதில்ல."

"அப்ப எம்மேலதான் தப்பு."

"நீ மேல போய் நெளியிற. அதான் அவனுக்கு நடுங்குது. உடம்பை மரக்கட்டை மாதிரி விறைப்பா வச்சுக்கோ. அசையவே அசையாதே."

"மரக்கட்டை," என்று இங்கா தலையாட்டி மனப்பாடம் செய்துகொண்டாள். எழுந்து வந்து ரிம்மாவின் தோளில் கன்னத்தை வைத்து அழுத்தினாள். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்!"

அந்த ஒன்பது நாளும் ரிம்மா நன்றாகத் தூங்கினாள். பின்னாளில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது அதுதான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். ஒவ்வொரு காலையும் எடைக்கருவியில் இங்கா ஏறி இறங்குவதையும், ஆகுஸ்தா பாவ்லொவ்னா ஒன்றும் சொல்லாமல் தலையசைப்பதையும் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். பயிற்சியில் இரண்டு முறை ரொதியோனின் கை தளர்ந்தது. இரண்டு முறையும் அவன் சமாளித்து வலது கையைக் கொடுத்துவிட்டான். ஒருவேளை எப்போதும் சமாளிப்பானோ என்னவோ.

போட்டியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. இங்காவின் அம்மா கப்பித்தொலினா லீஸ்வாவிலிருந்து பேருந்தில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கீழே நின்ற ரிம்மாவைப் பார்த்துக் கையெடுத்து அசைத்தாள்.

தூக்கல் தொடங்கியது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. ரொதியோன் வலது கையை எடுத்தான். இங்கா மேலே மரக்கட்டையாக நின்றாள், சொன்ன சொல் தவறாமல். மணிக்கட்டு மடங்கியது. அவள் நெளிந்திருந்தால், பயந்து எதையாவது பிடித்திருந்தால்கூட, தோளில் விழுந்திருப்பாள். அவள் அசையவில்லை. தலைகீழாக, கையைக்கூட முன்னால் நீட்டாமல், முகம் பனியில் மோத விழுந்தாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இசை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது; அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ரொதியோன் பனியில் உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வரிசையிலிருந்து கப்பித்தொலினா ஆட்களை மிதித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கம்பளிக் காலணியோடு பனியில் ஓடி வழுக்கி விழுந்து, தவழ்ந்தே மகளிடம் போனாள்.

ரிம்மாவுக்குப் பசித்தது. வயிற்றைக் கிள்ளுகிற பசி. அவள் படியேறிச் சிற்றுண்டிக் கடைக்குப் போய் முட்டைக்கோசு வைத்த அப்பம் இரண்டு வாங்கி, நின்றபடியே இரண்டையும் தின்றாள். இந்த முறை வாந்தி எடுக்கவில்லை.

இங்கா சாகவில்லை. பதினெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். தாடை மூன்று துண்டு, இடது காது கேட்காமல் போய்விட்டது, பேச்சு திரும்ப ஒரு வருடம் ஆயிற்று.

அவள் கண் திறந்த வாரத்தில் ரொதியோன் ரிம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினான். குடித்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். ஏழு வருஷத்துல உன்னை நான் விட்டதில்ல. அவ உன்னைவிடப் பத்து கிலோ கம்மி. ஏன் ரிம்மா? யோசிச்சு யோசிச்சு எனக்குத் தலை வெடிக்குது."

"நீ என்னைப் பிடிச்சதே இல்ல, ரோத்யா. மணிக்கட்டு முறிஞ்ச நாள்லேருந்து மூணாவது சுத்துல நான்தான் உன்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சாய்வு, உள்ளங்கை ஊன்றல், எல்லாம் அவனுக்கு இப்போது வரிசையாகப் புரிவதை அவள் பார்த்தாள். பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது.

"அவகிட்ட சொன்னியா?"

"அவளே கேட்டா. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

"கடவுளே. சின்னப் பொண்ணு அது."

"நானும் சின்னப் பொண்ணாத்தான் இருந்தேன்."

அவன் அவளை அடிப்பான் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை, படியில் இறங்கிப் போனான். மறுநாள் நேரே ஆகுஸ்தா பாவ்லொவ்னாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது மூன்றாம் நாள் அவளுக்குத் தெரிந்தது, பயிற்சியாளர் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது.

ரிம்மா நின்றாள். ஆகுஸ்தா பாவ்லொவ்னா மேசைக்குப் பின்னால் ஆப்பிளைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"ரொதியோன் வந்து புலம்பிட்டுப் போனான். அவனை அணியை விட்டுக் கிளப்பியாச்சு. கவனக்குறைவுன்னு எழுதியாச்சு." ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டாள். "அந்தக் கைக்கட்டை நானே பிரிச்சேன். எனக்குத் தெரியாதா? உன் இடுப்பு சாயறதையும் நாலு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப நீங்களே அவகிட்ட…"

"அதுக்குத்தானே உன்னை ஒரு மாசம் அவகூட விட்டேன்? எல்லாத்தையும் நானே சொல்லணும்னா நீ எதுக்கு?" குரலில் கோபம் இல்லை. கடைக்காரி சரக்கைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். "நீ ரொம்ப இளகின பொண்ணு, ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சிருந்தேன். தப்பு. நாளைக்கு லெனின்கிராத்லேருந்து ஒருத்தன் வர்றான், செவாஸ்தியான்னு பேரு. தொண்ணூறு கிலோ, ரெண்டு கையும் நல்லா இருக்கு. எட்டு மணிக்கு வந்துடு. இதைப் பத்தி நாம ரெண்டு பேரும் இனிமே பேச வேண்டியதில்ல."

ரிம்மா எட்டு மணிக்குப் போனாள்.

செவாஸ்தியானோடு அவள் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனாள். அவன் கை எந்தச் சுற்றிலும் தளரவில்லை. ஆனாலும் மேலே போனதும் அவள் இடுப்பு தானாகத் தோள் பக்கம் சாயும். "எதுக்கு இப்படிக் கோணுற? இரும்புத்தூண் மேல நிக்கிற நீ," என்று அவன் எரிந்து விழுவான். அந்தக் கோணலை அவளால் கடைசிவரை திருத்த முடியவில்லை. இருபத்தேழு வயதில் இடுப்பெலும்பு தேய்ந்து, ஒரு நாள் படியேற முடியாமல் உட்கார்ந்தாள். அத்தோடு முடிந்தது. அதற்குள் நாடே வேறு பெயருக்கு மாறியிருந்தது. ஆகுஸ்தா பாவ்லொவ்னா போய்ச் சேர்ந்துவிட்டாள். சவ அடக்கத்தில் ரிம்மாதான் முதல் பிடி மண் போட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் லீஸ்வாவுக்குப் பேருந்து ஏறினாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. நெஞ்சில் கிடப்பதை வெளியே எடுத்தால் போதும் என்றிருந்தது.

கதவைத் திறந்த கப்பித்தொலினா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இங்கா மேசையருகே இருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது, மறுபக்கம் சிரித்தது. பாத்திரத் தொழிற்சாலையில் குவளைகளுக்குப் பூ ஒட்டுகிற வேலை என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசினாள்.

"எனக்கு அந்த வருஷமே ஞாபகம் இல்ல, ரிம்மா யெஃபிமொவ்னா. ஊரைவிட்டுப் பஸ் ஏறினது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. அம்மாதான் சொல்வாங்க. அங்க எல்லாரும் மிருகங்க, நீங்க ஒருத்தர்தான் நல்லவங்கன்னு. உங்க இடத்தை நான் எடுத்தும் கோவப்படாம ஒரு மாசம் சொல்லிக் கொடுத்தீங்களாம். நானே அப்படிக் கடிதாசி எழுதியிருந்தேனாம்." அவள் முன்னால் குனிந்தாள். "உண்மையைச் சொல்லுங்க. நான் நல்லா ஆடினேனா? இங்க எல்லாரும் ஆமாம்பாங்க. பாவம்னு சொல்றாங்களோன்னு இருக்கும்."

"என்னைவிட நல்லா ஆடினே."

இங்கா பாதி முகத்தால் சிரித்தாள். "பாத்தீங்களா? நீங்களும் பாவம்னுதான் சொல்றீங்க."

வெளியே முற்றத்தில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. ரிம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோடரியை வலது கையால் மட்டும் ஓங்கிக்கொண்டிருந்தான், தலை நரைத்த ரொதியோன்.

"அவன்தான்," என்றாள் கப்பித்தொலினா. "எட்டு வருஷமா மாசத்துக்கு ஒருதடவை வர்றான். விறகு பிளப்பான், கூரைப் பனி தள்ளுவான். பண்ணட்டும். என் பொண்ணைக் கொன்னவன். இந்த வாசப்படியை மிதிக்க விட்டதில்ல. ஒரு குவளை தேநீர் கொடுத்ததில்ல. போன வருஷம் காய்ச்சலோட வந்தான், அப்பவும் விடல." அவள் ரிம்மாவின் குவளையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "நீங்க குடிங்கம்மா. ஜாம் போட்டுக்குங்க."

ரிம்மா குடித்தாள். வாயைத் திறந்தபோதெல்லாம் இங்காவின் சிரிக்கிற பாதி முகம் தெரிந்தது. கடைசியில் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள். கப்பித்தொலினா உப்பில் ஊறிய காளான் ஒரு ஜாடி அவள் பையில் திணித்தாள்.

முற்றத்தில் ரொதியோன் கோடரியை இறக்கினான். ரிம்மா நின்றாள்.

"சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல. நீ ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"விட்டது என் கைதானே." குச்சி ஒன்றைக் காலால் தள்ளினான். "அவங்களுக்கு நல்லவங்கன்னு நீ ஒருத்திதான் மிச்சம். அதையும் பிடுங்கிடாதே. போயிடு ரிம்மா. திரும்பி வராதே."

"குளிருது. ஏதாவது குடிச்சியா?"

"பஸ் போயிடும்," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினான்.

இரண்டு வருடம் கழித்து, வசந்தத்தில் காமா நதியின் பனி உடையும்போது, மீன் பிடிக்கப் போன இடத்தில் ரொதியோன் பனிக்கடியில் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது. விறகுக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டதாகக் கப்பித்தொலினா எழுதியிருந்தாள். கடிதத்தோடு காளானும் அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு ஜாடி வரும். ரிம்மா சமையலறையில் நின்றபடியே, வெந்த உருளைக்கிழங்கோடு சேர்த்து, ஜாடி தீரும்வரை தின்பாள்.